பனியன் துண்டுகளில் ஓடிய தன்பாத் வண்டி: அரசுப் பள்ளியில் ஓர் அசைபடப் பட்டறை

திருப்பூரில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கிறேன். 2012ஆம் ஆண்டு தமிழக அரசு நியமித்த பகுதிநேர ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி; வாரத்துக்கு மூன்று அரைநாள்கள் பள்ளியில் இருப்பேன். இந்தக் கல்வியாண்டில் பிள்ளைகளைக் கொண்டு கைபேசியில் அசைபடம் எடுக்கும் பட்டறை ஒன்றை நடத்தினேன். பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து, எல்லாவற்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் பொருள் தானே அசைவதுபோல் தெரியும் முறை இது. முதல் முயற்சி கைகூடவில்லை. இரண்டாவது முயற்சியில் நான்கு குழுக்களில் மூன்று தத்தம் படத்தை முடித்தன. வேறு பள்ளிகளில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் எங்கெங்கே பணமும் நேரமும் வீணாகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்பதற்காக, அளவுகளையும் செலவுகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் வகுப்புகளில் பாதிப் பேர் கொங்குப் பகுதிப் பிள்ளைகள். அவர்களிலும் சிலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு. ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறார்கள். இவர்களோடு செவித்திறன் குறைந்த ஒரு மாணவியும், பெருமூளை வாதத்தால் கைவிரல்களை நுட்பமாக இயக்க முடியாத ஒரு மாணவனும் இருக்கிறார்கள். ஓவிய வகுப்பில் எல்லாரும் வரைவார்கள். ஆனால் அவரவர் தாளை அவரவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் முடிக்கவே முடியாத ஒரு வேலையை இவர்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே என் நோக்கமாக இருந்தது.

முதலில் குறும்படம் எடுக்கலாம் என்று தொடங்கினோம். கதையைத் தமிழில் எழுதினோம், வசனம் பிரித்தோம், கைபேசியில் பிடித்தோம். நன்றாகத் தமிழ் பேசுகிற, வீட்டில் கைபேசி கையாண்டு பழகிய நான்கைந்து பேர் நடித்தார்கள், இயக்கினார்கள், கேமராவையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஒடியா பேசும் பிள்ளைகள் பெஞ்சை நகர்த்தினார்கள். கூட்டத்தில் நிற்க வேண்டிய காட்சியில் நின்றார்கள். யாரும் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை. எழுதிய கதையும் பேசிய வசனமும் தாமாகவே அந்த வரிசையை உண்டாக்கிவிட்டன. படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, எழுத்தும் பேச்சும் தேவைப்படாத இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

அந்த இடம் சுழல்படப் பெட்டி (ஸோட்ரோப்). சுழலும் உருளையின் பிளவுகள் வழியாகப் பார்த்தால், உள்ளே வரிசையாக வரைந்த படங்கள் அசைவதாகத் தெரியும். வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் என்ற ஆங்கிலேயர் 1834இல் அமைத்த கருவி அது. திரைப்படம் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அசையும் படத்தைக் கண்ணுக்குக் காட்டியது. நாங்கள் கறுப்பு அட்டையில் 20 செ.மீ. விட்டமுள்ள உருளையைச் செய்தோம். சுற்றளவு ஏறக்குறைய 63 செ.மீ. வரும், அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு படத்துக்கு 5 செ.மீ.க்குச் சற்று அதிகமான அகலம் கிடைக்கும். உருளையின் மேற்பாதியில் சமஇடைவெளியில் பன்னிரண்டு பிளவுகள். கீழ்ப்பாதியின் உட்புறம் படத்தாளை வைக்க வேண்டும். அடித்தட்டின் நடுவில் காலியான பாபின் ஒன்றை ஒட்டி, அதை ஆணியில் செருகினால் தடங்கலின்றிச் சுழல்கிறது. பிளவுகளை முதலில் 8 மி.மீ. அகலத்தில் வெட்டியதால் படம் கலங்கித் தெரிந்தது. 3 மி.மீ.க்குக் குறைத்தபோது தெளிவு வந்தது, வெளிச்சம் போதவில்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்ததும் இரண்டும் சரியாயின. ஒரு பெட்டிக்கு அட்டை, பசை எல்லாம் சேர்த்து 40 ரூபாய்க்குள் அடங்கியது. பன்னிரண்டு படங்களில் ஒன்றை மட்டும் மாற்றி வரைந்தால் ஓட்டத்தில் எங்கே இடறுகிறது என்பதை யாரும் விளக்காமலே பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். இதில் நான் தேவைக்கு மேல் நேரம் செலவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பாடவேளைகள் போதும்.

அடுத்தது கைபேசியைத் தாங்கும் ஸ்டாண்டு. மேசைமேல் பொருள்களைப் பரப்பி மேலிருந்து படமெடுக்கும் முறைக்குக் கைபேசி துளியும் அசையாமல் நேர்கீழாகப் பார்க்க வேண்டும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் மூன்று மீட்டர் ஒன்று வாங்கினால் ஒரு ஸ்டாண்டுக்குச் சரியாக வரும்: 50 செ.மீ. உயரத்தில் இரண்டு கால்கள், மேலே 60 செ.மீ. குறுக்குக் குழாய், தரையில் கால் ஒன்றுக்கு 20 செ.மீ. துண்டுகள் இரண்டிரண்டு, பின்பக்கம் இரண்டு கால்களையும் இணைக்க 60 செ.மீ. துண்டு ஒன்று. வளைவு இணைப்பான எல்போ நான்கு, மூன்று வழி இணைப்பான டீ இரண்டு, முன்முனைகளுக்கு மூடி இரண்டு வேண்டும். பசை போடவில்லை, போட்டால் கழற்றி பீரோவில் வைக்க முடியாது. ஆனால் பசையில்லாத குழாய், கையால் பொத்தானைத் தொடும்போதெல்லாம் ஆடியது. தரையில் படியும் குழாய்களுக்குள் எம்-சாண்டை நிரப்பிய பின் பெருமளவு நின்றது. கைபேசியைத் தொடாமலே படமெடுக்க உதவும் புளூடூத் பொத்தான் வந்த பிறகு முழுவதும் நின்றது.

இன்னொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. கைபேசியின் கேமரா அகலமாகப் பார்ப்பதால் அந்த உயரத்திலிருந்து ஸ்டாண்டின் இரண்டு கால்களும் படத்தின் ஓரங்களில் விழுந்தன. மேசையில் 48 செ.மீ. நீளமும் 27 செ.மீ. அகலமும் கொண்ட செவ்வகத்தை வண்ண நாடாவால் ஒட்டி, அந்தச் செவ்வகம் மட்டும் திரையை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்தோம். நாடாவுக்கு உள்ளே மட்டும் பொருள், வெளியே மட்டும் கை என்ற விதியும் இதிலிருந்து பிறந்தது.

ஒரு மேசைக்கான செலவு: குழாய் 180 ரூபாய், இணைப்புகள் எட்டும் சேர்ந்து 96, கைபேசிப் பிடிப்பான் 150, புளூடூத் பொத்தான் 180, 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டு 180, ஹோல்டரும் ஒயரும் 120. ஆக 906 ரூபாய். நான்கு மேசைகளுக்கு 3,624 ரூபாய். கைபேசிகள் ஆசிரியர்கள் பயன்படுத்தி ஓய்வுகொடுத்த பழையவை. சிம் அட்டையைக் கழற்றி, நினைவகத்தை முழுவதும் துடைத்துவிட்டுத் தந்தார்கள்.

வெளிச்சத்தில் மூன்று தவறான பாதைகளில் போய்த் திரும்பினோம். சன்னல் வெளிச்சத்தை நம்பியபோது மேகம் கடக்கும்தோறும் படம் இருண்டு வெளுத்தது. சன்னலைப் பழைய சார்ட்டுகளால் மூடி, வகுப்பறைக் குழல்விளக்கில் எடுத்தபோது படத்தின் குறுக்கே பட்டைகள் விழுந்தன. மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் வருவதால் விளக்கு 100 தடவை மினுங்குவதும், கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதுமே காரணம். ஒரு படம் பதிய எடுக்கும் நேரத்தை நாமே அமைக்க முடிகிற கைபேசிகளில் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்று வைத்ததும் பட்டைகள் மறைந்தன. அந்த வசதியில்லாத கைபேசிகளுக்காக, கடையிலேயே பல்பை எரியவிட்டுக் கைபேசித் திரையில் பார்த்து, பட்டை விழாத பல்பைத் தேர்ந்தெடுத்து வாங்கினேன். மூன்றாவது, கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொள்வது. சிவப்புத் துணி உள்ளே வந்ததும் பின்னணி பச்சையாகச் சாய்ந்தது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடுவதும், நிறம் சாயாமல் காக்கும் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கையால் அமைப்பதும் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் கட்டாயமாயின. பல்புகளை இருபுறமும் 60 செ.மீ. தள்ளிச் சாய்வாக வைத்தால் கையின் நிழல் மெலிந்துவிடுகிறது.

பொருளுக்கு எங்கும் போகவில்லை. கட்டிங் மேசைக்கடியில் விழும் பனியன் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய, ஒரு மாணவியின் அம்மா வேலை செய்யும் இடத்திலிருந்து கிடைத்தன. மேசையில் பழைய கம்பளியை விரித்து அதன்மேல் துணித்துண்டை வைத்தால் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும், மின்விசிறிக் காற்றுக்கும் பறக்காது. இதுவரை சரி. ஆனால் நாங்கள் வெட்டிய வட்டங்களும் சதுரங்களும் ஓரத்தில் சுருண்டுகொண்டே இருந்தன; தேய்த்து வைத்தாலும் பத்துப் படம் எடுப்பதற்குள் மறுபடி சுருண்டன. துணியில் கஞ்சி தோய்த்துக் காயவைத்துப் பார்த்தேன். விறைப்பு வந்தது, ஆனால் துண்டு கம்பளியில் ஒட்டவில்லை.

வழியைக் காட்டியவன் ஏழாம் வகுப்பில் ஒடியா பேசும் ஒரு மாணவன். அவன் அப்பா கட்டிங் மாஸ்டரிடம் உதவியாளர். சாக்கைக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, இரண்டு குவியலாகப் பிரித்தான். சுருளும் குவியலைத் தொட்டு, "சிங்கிள் ஜெர்சி, டீச்சர்" என்றான். சுருளாத குவியலைத் தொட்டு, "இன்டர்லாக், ரிப்" என்றான். ஒரே பக்கம் பின்னிய துணி ஓரத்தில் சுருளும், இரண்டு பக்கமும் பின்னல் சமமாக உள்ள துணி சுருளாது. பனியன் ஊரில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயர்கள் தெரியும். எது எது என்று தொட்டுச் சொல்லத் தெரியாது. அன்று முதல் எந்தக் குழுவுக்குத் துணி வேண்டுமானாலும் அவனிடம்தான் போனார்கள். வீட்டில் கைமடிக்கும் வேலை செய்யும் இன்னும் சில பிள்ளைகளும் இதைத் தெரிந்தவர்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இந்தப் பட்டறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: கருவியும் பொருளும் பிள்ளைகளின் வீட்டு உழைப்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது, தமிழ் சரளமாக வராத பிள்ளை கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. கடையில் விற்கும் களிமண்ணையோ வண்ண அட்டையையோ வாங்கி வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

குழுவுக்கு ஆறு பேர். துண்டை நகர்த்துபவர் இருவர், பொத்தான் அழுத்துபவர் ஒருவர், படத்தின் எண்ணைச் சொல்லிக் கட்டத்தாளில் குறிப்பவர் ஒருவர், கையும் நிழலும் விலகிவிட்டனவா என்று பார்ப்பவர் ஒருவர், அடுத்த அசைவு எவ்வளவு என்பதைச் சொல்பவர் ஒருவர். இருபது படத்துக்கு ஒரு முறை வேலை மாறும். எண்ணுகிறவர் தம் வீட்டு மொழியிலேயே எண்ணலாம் என்று விட்டதால், சில நாள்களில் கொங்குப் பிள்ளைகள் ஏகொ, துயி, தினி என்று ஒடியாவில் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். கதையை எழுதவே இல்லை. எட்டு அட்டைகளில் எட்டுக் கட்டங்களாக வரைந்து, தரையில் வரிசைப்படுத்தி, யார் வேண்டுமானாலும் அட்டையை இடம் மாற்றலாம் என்று வைத்துக்கொண்டோம்.

விரல்களை நுட்பமாக இயக்க முடியாத மாணவனுக்கு, நகர்த்தும் வேலை வரும்போது பெரிய துண்டுகளை, அதாவது வானத்தையும் தண்டவாளத்தையும் கொடுத்தோம். பொத்தான் அழுத்தும் வேலைதான் கடினமாக இருந்தது. புளூடூத் பொத்தான் விரல்நுனி அளவே இருந்தது. அதை ஒரு மரப்பலகையில் பதித்து, மேலே நூல் கோனின் அகன்ற முனையை வெட்டியெடுத்து மூடியாக வைத்து, உள்ளே பொத்தானைத் தொடும்படி ரப்பர் துண்டு ஒன்றை ஒட்டினோம். உள்ளங்கையால் அழுத்தினால் போதும். ரப்பர் 2 மி.மீ. கூடுதலாக இருந்தபோது பொத்தான் அழுந்தியே கிடந்து படங்கள் தொடர்ச்சியாக விழுந்தன. பிளேடால் சீவிச் சரிசெய்தோம். மற்றக் குழுக்களும் இதே மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டன, ஏனென்றால் பார்க்காமலே அழுத்த முடிகிறது.

விநாடிக்கு 12 படங்கள் என்று தொடங்கியது பேராசை. ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் வேண்டும். ஒரு பாடவேளையில் ஒரு குழுவால் 60 முதல் 80 வரைதான் எடுக்க முடிந்தது. 8 படங்களுக்கு இறங்கினோம். அசைவில் சிறு தத்தல் தெரிகிறது, துணிப் பொம்மைக்கு அது பொருந்தியும் விடுகிறது. முந்தைய படத்தின் சாயலைத் திரையில் மங்கலாகக் காட்டும் செயலி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். எவ்வளவு நகர்த்தினோம் என்ற வாக்குவாதம் அதோடு தீரும். நான்கு கைபேசிகளில் இரண்டில் மட்டுமே அந்தச் செயலி ஓடியது. மற்ற இரண்டுக்கும் கம்பளியின் ஓரத்தில் அளவுகோலை வைத்து, ஒரு படத்துக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு குழு எடுத்தது ஆலப்புழை – தன்பாத் விரைவு வண்டி. திருப்பூரில் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் எல்லாருக்கும் அந்த வண்டியைத் தெரியும். ரிப் துணியில் பெட்டிகள். ரிப்பின் கோடுகளே வண்டியின் பக்கவாட்டுத் தகடுபோல் அமைந்தன. சம்பல்பூர், திட்லாகர், ராயகடா, விஜயநகரம், விசாகப்பட்டினம், விஜயவாடா, காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர் என்று வழியை ஒரு மாணவி நினைவிலிருந்தே அடுக்கினாள். ஒவ்வோர் ஊருக்கும் என்ன நிறத் துணி என்பதையும் அவளே முடிவுசெய்தாள். ராமநாதபுரத்திலிருந்து வந்த பையன், திருப்பூருக்கு வந்துசேரும் இன்னொரு வண்டியைத் தெற்கிலிருந்து ஓடவிட வேண்டும் என்று கேட்க, இரண்டு வண்டிகளும் ஒரே நிலையத்தில் நிற்பதாகப் படம் முடிந்தது. 384 படங்கள், 48 விநாடிகள்.

ஒலிக்கு மீண்டும் பேச்சு வேண்டாம் என்று முடிவுசெய்திருந்தேன். வண்டிச் சத்தம் ஒரு பையனின் வீட்டிலுள்ள சிங்கர் தையல் மெஷினிலிருந்து வந்தது. பதிவுசெய்து, ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் வேகத்தைப் பாதியாக்கினால் தண்டவாளச் சத்தம்போலவே கேட்கிறது. ஊதல் ஒலி, நூல் கோனுக்குள் வாயை வைத்து ஊதியது. வகுப்பறையில் எதிரொலி அதிகம். வேஸ்ட் துணிச் சாக்குகளை மூலையில் மூன்று பக்கமும் அடுக்கி, அதற்குள் கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தபோது எதிரொலி ஏறத்தாழ இல்லாமல் போனது. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தத்துக்கு மட்டும் மாற்றில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னதாகப் பதிவுசெய்தோம். பதிவின் தொடக்கத்தில் இரண்டு விநாடிகள் யாரும் அசையாமல் இருந்தால், அந்த அமைதியை மாதிரியாகக் கொண்டு இரைச்சலைக் குறைக்கலாம்.

ஒலியையும் படத்தையும் பொருத்தியவள் செவித்திறன் குறைந்த மாணவி. ஆடாசிட்டி ஒலியை அலையாகத் திரையில் காட்டுகிறது. விநாடிக்கு 8 படங்கள் என்பதால், வரைபடத் தாளில் எட்டுச் சிறுகட்டங்கள் ஒரு விநாடி என்று எடுத்துக்கொண்டு, அலை உயரும் இடங்களை அவள் குறித்தாள். குறித்த இடங்களில் சக்கரம் அசைகிறதா என்று பார்த்து, தப்பும் படங்களின் எண்ணைச் சொன்னாள். காதால் கேட்டுப் பொருத்திய மற்றக் குழுக்களைவிட அவள் பொருத்தியது துல்லியமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநர் இந்தத் தாள்களைத் தம்மோடு எடுத்துச் சென்று, பின்ன எண்களைக் கற்பிக்க அவளிடம் பயன்படுத்திவருகிறார்.

முடியாத நான்காவது குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களின் படங்களை மடிக்கணினிக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்பினோம். படங்கள் சிறுத்துப்போனதோடு கோப்புப் பெயர்களும் மாறி வரிசை குலைந்தது. கைபேசியில் இடம் போதாததால் மூலப் படங்களும் அழிக்கப்பட்டிருந்தன. முந்நூறுக்கு மேற்பட்ட படங்களைக் கண்ணால் பார்த்து வரிசைப்படுத்தப் பிள்ளைகள் முயன்றார்கள், பாதிக்கு மேல் முடியவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன இரண்டு பிள்ளைகள் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள்; ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள், மற்றவனின் குடும்பம் ஊரிலேயே தங்கிவிட்டது. அவன் நகர்த்திய வாத்து இன்னும் சில விநாடிகள் அந்தத் துண்டுப் படத்தில் நீந்துகிறது. அதை அவனுடைய அப்பாவின் எண்ணுக்கு அனுப்பிவைத்தோம்.

பெற்றோர் ஒப்புதல் பற்றி ஒரு குறிப்பு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. முகமே வராத முறையைத் தேர்ந்ததால் எங்கள் வேலை எளிதானது. குரலுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படிவத்தைத் தமிழில் மட்டும் கொடுத்தது போதவில்லை. படிவத்தில் உள்ளதை ஒடியாவிலும் இந்தியிலும் பிள்ளைகளே பேசிப் பதிவுசெய்து, பெற்றோருக்குக் கேட்கச்செய்த பிறகுதான் கையெழுத்தின் பொருள் அவர்களுக்குத் தெளிவானது.

படங்களைப் பள்ளியில் சிறார் திரைப்படம் காட்டும் புரொஜக்டரிலேயே திரையிட்டோம். ஷிப்ட் முடியும் நேரத்தைக் கணக்கிட்டு ஞாயிறு மாலையில் வைத்ததால் அம்மாக்கள் நிறையப் பேர் வந்தார்கள். இந்தப் பட்டறையால் யாருடைய தமிழ் வாசிப்பும் மேம்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வேறு உழைப்பு வேண்டும். ஒடியா பேசும் பிள்ளைகள் இப்போது உணவு இடைவேளையில் தனியாக ஒரு மூலையில் உட்காருவதில்லை என்பதை மட்டும் நான் பார்க்கிறேன்.

அடுத்த சுற்றில் மாற்றப்போகிறவை சில. படத்தின் நீளம் 15 விநாடிக்கு மிகாது. 120 படங்கள் என்றால் இரண்டு வாரத்துக்குள் முடியும், தீபாவளிக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போகும் பிள்ளையும் முடித்த படத்தோடு போகலாம். கோப்புகளை ஒயர் வழியாக மட்டும் அன்றன்றே எடுத்து, பென்டிரைவிலும் ஒரு படி வைக்க வேண்டும். பத்துப் படத்துக்கு ஒரு முறை எண் எழுதிய சீட்டைக் கேமரா முன் காட்டி ஒரு படம் எடுத்துவிட்டால், வரிசை குலைந்தாலும் மீட்கலாம், தொகுக்கும்போது அந்தப் படங்களை நீக்கிவிடலாம். ஸ்டாண்டின் குறுக்குக் குழாயை 60க்குப் பதில் 75 செ.மீ.க்கு நீட்டினால் கால்கள் படத்துக்கு வெளியே போகும். பின்பக்க இணைப்பையும் அதே அளவுக்கு நீட்ட வேண்டியிருப்பதால் மூன்று மீட்டர் குழாயோடு 30 செ.மீ. துண்டு ஒன்று கூடுதலாக வேண்டும். துணி சேகரிக்கும்போதே இன்டர்லாக்கும் ரிப்பும் மட்டும் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். நிறம் நான்கு போதும். வெள்ளைத் துணி மட்டும் வேண்டாம், விளக்கொளியில் கண்ணைக் கூசுமளவுக்கு வெளுத்துவிடுகிறது.